எட்டு முடிச்சுத் துண்டு

பல் விளக்குவதற்கு முன்பே அம்மாவாசை வலது கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கிவிடுவார். இடது கை இடுப்பில் இருக்கும். மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டு, முகவாய் கம்பியைத் தாண்டும்வரை ஒற்றைக் கையாலேயே உடம்பைத் தூக்குவார். அவசரமே கிடையாது. ஐந்து முறை ஏறி இறங்கிய பிறகுதான் பல், குளியல், மில் எல்லாம். கருவடிக்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் பின்னால், இரண்டு தென்னைகளுக்கு நடுவே கட்டிய பழைய தண்ணீர்க் குழாய்தான் அந்தக் கம்பி.

மில்லுக்குப் போவார் என்றேனே தவிர, வேலைக்குப் போவார் என்று சொல்லவில்லை. அவர் பதிலி. நிரந்தரத் தொழிலாளி யாராவது வராமல் போனால் அன்றைக்கு மட்டும் அந்தத் தறியில் நிற்கலாம். எல்லாரும் வந்துவிட்டால் திரும்ப வேண்டியதுதான். அறுபத்தொன்பதாம் வருஷம் மில் கேட்டுக்கு வெளியே நிற்க ஆரம்பித்தவர், இந்த எண்பத்து மூன்றிலும் அங்கேயேதான் நிற்கிறார்.

எழுபத்திரண்டில் கைப்பந்து ஆடுகிற ஒருவரை மில் டீமுக்காக நேராக நிரந்தரமாக்கினார்கள். அதைப் பார்த்துத்தான் இவருக்கு ஆசை பிறந்தது. "எனக்குப் பந்து வராது சார். ஒடம்பு வரும். மில்லுல ஒருத்தனும் செய்யாதத செஞ்சி காட்டுனா எடுத்துக்க மாட்டாங்களான்னு நெனச்சேன்" என்று, அவரைப் பற்றி எழுதப் போன என்னிடம் சொன்னார்.

முதல் வருஷம் முழுக்க ஒற்றைக் கையில் வெறுமனே தொங்கினார். அடுத்த வருஷம் ஸ்டூலில் ஏறி, முகவாயைக் கம்பிக்கு மேலே வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் மெள்ள இறங்கப் பழகினார். அதன் பிறகுதான் துண்டு. கம்பியில் ஒரு துண்டைக் கட்டித் தொங்கவிட்டு எட்டு முடிச்சுப் போட்டார். வலது கை கம்பியில், இடது கை துண்டில். மேல் முடிச்சைப் பிடித்தால் இடது கையும் பாதி பாரம் சுமக்கும். கீழே போகப் போக அதன் உதவி குறையும். ஒரு முடிச்சு இறங்க ஐந்து மாதம், ஆறு மாதம். நடுவில் தோள்பட்டை பிசகி மூன்று மாதம் முடங்கினார். எழுந்ததும் திரும்ப மேல் முடிச்சைப் பிடித்தார். "நாலாவது முடிச்சுதான் சார் ஆளக் கொன்னுடுச்சி. எட்டு மாசம் ஏறவே வுடல."

இதை அவர் மனைவி செல்வாம்பாளிடம் மெச்சிப் பேசப்போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "அந்தக் கைக்குப் போட்ட முட்டைய எம் பொண்ணுக்குப் போட்டிருந்தா, அதுவாவது தேறியிருக்கும். போய் அத எழுதுங்க."

எழுபத்தொன்பதில், துண்டில்லாமலே ஏற வந்ததும், லேபர் ஆபீசர் முன்னால், கேன்டீன் வாசல் உத்திரத்தைப் பிடித்து ஒற்றைக் கையால் ஏறிக் காட்டினார். கூட்டம் நின்று பார்த்தது. விசில் பறந்தது. ஆபீசரும் கைதட்டினார். தட்டிவிட்டு, "இது எந்த வெளையாட்டுப்பா?" என்று கேட்டார்.

"ஒத்தக் கையில ஏறறது சார்."

"அது சரி. எந்த டீமு? கப்பு கிப்பு குடுப்பாங்களா?"

"தனியா செய்யறது சார்."

ஆள் எடுக்கும் மில்லின் விளையாட்டுப் பட்டியலில் கைப்பந்து, கால்பந்து, கபடி மூன்றும்தான் இருந்தன. அப்போது காலியாக இருந்த நிரந்தர வேலை இன்னொரு கைப்பந்துக்காரருக்குப் போனது. ஏழு வருஷத்தில் ஒருநாள் ஆபீசுக்குள் போய் அந்தப் பட்டியலில் என்ன இருக்கிறதென்று கேட்டிருக்கலாம். மனுஷன் கேட்கவில்லை. இந்த அசட்டுத்தனத்தை நினைத்தால் எனக்கு அவர்மேலேயே ஆத்திரம் வரும்.

மில் மட்டும் அவரை மறக்கவில்லை. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் விருந்தாளிகள் முன்னால் ஏறிக் காட்டக் கூப்பிடுகிறது. போன வருஷம், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் "பிராவோ, பிராவோ" என்று எழுந்தே நின்றுவிட்டாராம். ஒவ்வொரு தடவையும் பரிசு ஒரு சில்வர் டிபன் பாக்ஸ். நாலு சேர்ந்திருக்கிறது. அதில் ஒன்றில்தான் தினமும் சோறு கட்டிப் போகிறார். வேலை கிடைக்காத நாளில் அது மூடி திறக்காமலே வீடு திரும்பும்.

போன வாரம் நானும் அவரோடு கேட்டுக்குப் போயிருந்தேன். கேட்டுக்கு உள்ளே கிளார்க் நின்றிருந்தார். கம்பிகளுக்கு இடையே இருபது கைகள் பதிலிச் சீட்டோடு நீண்டன. ஏழு சீட்டை வாங்கிக்கொண்டு, "அவ்ளோதான், நாளைக்கிப் பாக்கலாம்" என்று திரும்பியவர், சட்டென்று நின்றார். "அம்மாவாச, ஆயுத பூஜைக்கு வந்துடு. மறந்துடாத."

கிளார்க் உள்ளே போய்விட்டார். சங்கு ஊதியது. மற்றவர்கள் கையை இழுத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்கள். அம்மாவாசையின் வலது கை மட்டும், சீட்டோடு, கம்பிக்கு அந்தப் பக்கம் நீட்டியபடியே இருந்தது.