சுவரை முட்டிய தரை

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. தங்கை வீட்டில் புதிதாகப் போட்ட பலகைத் தரையில் அப்பா வெறுங்காலோடு நடந்து பார்த்து, "காலுக்கு என்ன இதமா இருக்கு!" என்று சொன்னதிலிருந்து இவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா தன் வீட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு மகள்களில் ஒருத்தியோடு இருக்கப் போகிறார். யாரோடு என்று இன்னும் வாயைத் திறக்கவில்லை.

அந்தத் தரையைத் தங்கையே போட்டாள் என்பது கூடுதல் எரிச்சல். சின்ன வயதிலிருந்து இதே கதைதானே! வீட்டு வேலையெல்லாம் பெரியவள் தலையில், நல்ல பேரெல்லாம் சின்னவளுக்கு.

"எப்படிப் போடறதுன்னு அவகிட்டயா கேக்கறது? என் செருப்பு கேக்கும்!" என்று கணவனிடம் சீறிவிட்டு, தையல் மெஷினை மூடி வைத்தாள். அப்பாவுக்கென்று ஒதுக்கிய அறையில் நுரை விரிப்பைப் பரப்பி, ஒரு பலகையின் விளிம்பில் நீண்டிருந்த நாக்கை அடுத்ததன் காடிப் பள்ளத்தில் சொருகி, 'டக்'கென்று பூட்டிக்கொண்டே போனாள். மூன்று நாள் முட்டி தேய்ந்தது. சுவரோரம் ஒரு விரல் இடம் விடச் சொல்லிப் பெட்டியில் படம் போட்டிருந்தது. இருபது வருடம் நூல் பிசகாமல் தைத்த கண்ணுக்கு அந்தச் சந்து ஓட்டைத் தையலாகத் தெரிந்தது. கடைசிப் பலகையைச் சுவரோடு சுவராக இறுக்கி அடித்து, சுவரடியில் ஓரப்பட்டையும் வைத்தாள்.

பிறகு நான்கு நாள் விடாத மழை. தரை நடுவில் உப்பிக்கொண்டது. மிதித்தால் அமுங்கியது, காலை எடுத்தால் எழுந்தது. அன்றைக்கென்று பார்த்து அப்பா வந்தார், சின்னவளும் கூடவே. அப்பா கால் தடுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பெரியவளுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

சின்னவள் குனிந்து ஓரப்பட்டையைக் கழற்றினாள். "அக்கா, இடமே விடலையா?"

"விட்டா அசிங்கமா இருக்கும்."

"சட்டைக்கு மூச்சு விட இடம் விடுறியே, தரைக்கு வேண்டாமா? ஈரத்துக்குப் பலகை பெருக்கும்க்கா."

சின்னவள் அக்காவிடம் ரம்பத்தை வாங்கி உட்கார்ந்தாள். கடைசிப் பலகையைக் கழற்றி, ஓரத்தை ஒரு விரல் அகலம் சீவி மறுபடி பூட்டியதும் தரை மெல்லப் படுத்துவிட்டது. என்ன நேராக வெட்டிவிட்டாள், பாவி! அவள் வெட்டும்போதே பலகையைப் பிடுங்கி எறியலாமா என்று பெரியவளுக்குக் கை பரபரத்தது.

அப்பா இரண்டு நடை நடந்து பார்த்தார். உடனே நண்பருக்குப் போன் போட்டார். "இனிமே பெரியவ வீட்லதான்ப்பா இருக்கப் போறேன்."

பெரியவளுக்குக் கண் நிறைந்தது. அப்பா நிறுத்தவில்லை. "எனக்குன்னு தனி ரூம். தரையை வந்து பாரேன், கண்ணாடி மாதிரி இருக்கு! சின்னவ போட்டது."

"ஐயோ அப்பா, அக்கா போட்டது! மூணு நாள் கஷ்டப்பட்டிருக்கா, நான் ஓரத்தைத்தான் வெட்டினேன்" என்று சின்னவள் பதறித் திருத்தினாள்.

அந்த நல்ல மனசைத்தான் பெரியவளால் மன்னிக்கவே முடியவில்லை.