ஸ்காஃபைக் கவ்விய தேங்காய்த் துருவி

நோன்புக் கஞ்சிக்குத் தேங்காய் துருவிய உம்மா கைவலியில் முனகியபோதுதான், பழைய வாஷிங் மெஷின் மோட்டாரில் ஒரு துருவி செய்யும் யோசனை எனக்கு வந்தது. பேராதனையில் நடந்த கண்டுபிடிப்பாளர் கண்காட்சிக்கு அதைக் கொண்டுபோனேன். சனம் பார்க்கட்டும் என்று சுவிட்சை முன்பக்கம் பூட்டியிருந்தேன். நான் நின்றதோ பின்பக்கம்.

குனிந்து தேங்காயை அழுத்தியதும் நான் தலையில் சுற்றியிருந்த ஸ்காஃபின் நுனியைத் துருவி கவ்வியது. கழுத்தை நெரித்தபடி முகத்தைப் பற்களை நோக்கி இழுத்தது. கத்த மூச்சில்லை, சுவிட்ச் எட்டவில்லை. கூட வந்த நானா, என் அண்ணன், பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். பற்களில் என் கன்னத்து ரத்தம்.

“கழுத்து இன்னும் ஈக்கா பாரு! தேங்கா எண்டு நெனச்சி ஒன்ட தலயத் திருவப் பாத்திச்சி!” என்று ஏசியபடியே ஸ்காஃபைப் பற்களிலிருந்து கிழித்தெடுத்தார்.

இப்போதெல்லாம் ஸ்காஃபை உள்ளே செருகாமல் எந்த மோட்டார் பக்கமும் போவதில்லை. அடுத்து, காலை எடுத்ததும் நின்றுவிடும் மிதி சுவிட்ச் பூட்டப் போகிறேன். கிழிந்த அதே ஸ்காஃபைக் கொடுத்துத்தான் முதலில் சோதிப்பேன்.