கரை தாண்டிய பந்தல்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். செட்டிகுளத்திலிருந்து வந்திறங்கிய சின்ன வெங்காய மூட்டையைப் பிரித்து, கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள் செங்கமலம். அப்போதுதான் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தோப்பு வாசலில் வந்து நின்றது.

"மேட்டூர் அணை நிரம்பியதால் கொள்ளிடத்தில் உபரிநீர் திறக்கப்பட்டுள்ளது. நாளை காலைக்குள் இங்கே தண்ணீர் வந்து சேரும். இன்று மாலை ஆறு மணிக்கு மேல் கரைக்கு உட்புறம் யாரும் இருக்கக் கூடாது..."

வெங்காயம் விரலிடுக்கு வழியே உதிர்ந்து தரையில் உருண்டது.

திருமானூருக்குக் கிழக்கே, கொள்ளிடத்தை ஒட்டியிருந்தது அந்தத் தென்னந்தோப்பு. யானை முதுகு போல் உயர்ந்த மண்கரை ஒன்று அதை இரண்டாகப் பிரித்தது. கரைக்கு வெளிப்புறம் விருந்தாளிகள் தங்கும் அறைகள், சமையற்கூடம், அகன்ற களம். உட்புறம் படுகை. அதற்கப்பால் மணலும் ஆறும். தோப்பைக் குத்தகைக்கு எடுத்து அவள் கல்யாணம் நடத்த ஆரம்பித்து நான்கு வருடமாகிறது. காதுகுத்து, வளைகாப்பு, ஒருநாள் கல்யாணம் என்று ஓடிக்கொண்டிருந்த இடத்துக்கு முதன்முதலாக மூன்று நாள் கல்யாணம் ஒன்று வந்திருந்தது. வெள்ளி மாலை மருதாணி, சனி மாலை வரவேற்பு, ஞாயிறு காலை முகூர்த்தம். பெண் கவியா, பெரம்பலூரில் விதைக்கடை வைத்திருக்கும் குருமூர்த்தியின் ஒரே மகள். மாப்பிள்ளை ஜெயங்கொண்டத்துக்காரர்.

ஆற்றைப் பார்த்தபடி தாலி ஏற வேண்டும் என்பது கவியாவின் ஆசை. அதனால் மணமேடை படுகையில் அமைந்தது. புதன்கிழமை பந்தக்கால் ஊன்ற வந்தபோது, "இங்கேயே நடுங்க" என்று விரல் நீட்டி இடம் காட்டியவள் செங்கமலம்தான். ஐந்து சுமங்கலிகள் மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, பால் ஊற்றி அந்தக் காலை நட்டார்கள்.

மேடையைக் கழற்றிக் கரைக்கு வெளியே கொண்டுபோவது பெரிய வேலையில்லை. பந்தக்கால்தான் சங்கடம். ஊன்றிய காலைத் தாலி ஏறும்வரை பிடுங்கக் கூடாது. அந்தக் கால் தாங்கும் பந்தலுக்குக் கீழேதான் தாலி ஏற வேண்டும். காலைப் பிடுங்கினால் கல்யாணத்தையே பிடுங்கிப் போட்டதாக நினைப்பவர்கள் அந்தப் பக்கத்து ஜனங்கள்.

பத்தரை மணிக்குக் கார் வந்தது. குருமூர்த்தி இறங்கினார், முகம் வெளுத்திருந்தது. பின்னாலேயே மாப்பிள்ளையின் பெரிய அத்தை பாப்பாத்தி. அந்த வீட்டில் அவர் சொல்லாமல் அடுப்பில் உலைகூட ஏறாது.

"ஏம்மா, ஆத்துக்குள்ள பந்தக்கால் நட்டு வச்சிருக்கியே, மீனுக்குக் கல்யாணமா, எங்க புள்ளைக்குக் கல்யாணமா?"

"தப்பு என்னுதுதாம்மா," என்றாள் செங்கமலம். "பொண்ணு ஆசைப்பட்டுச்சு. நானும் ஆறு காஞ்சு கெடந்ததப் பார்த்து மறந்துட்டேன். மறந்திருக்கக் கூடாது. இந்தப் படுகையில பொறந்தவ நான்."

"அரியலூர்ல ஒரு மண்டபம் காலியா இருக்குதாம்," என்று இழுத்தார் குருமூர்த்தி. "மாத்திரலாமுங்களா?"

"நட்ட கால என்ன பண்ணுவ? பிடுங்கித் தோள்ல தூக்கிட்டுப் போவியா?" பாப்பாத்தி அவர் பக்கம் திரும்பினார். "சகுனமே சரியில்ல. தேதியத் தள்ளி வைங்க. தை மாசம் பாத்துக்கலாம்."

தேதியைத் தள்ளி வைப்பது! அறை வாசலில் நின்றிருந்த கவியாவின் கண்கள் நிறைந்துவிட்டன. தள்ளிப்போகிற கல்யாணம் எங்கே போய் நிற்கும் என்று செங்கமலத்தைவிட யாருக்குத் தெரியும்?

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் இதே படுகையில்தான் அவர்கள் குடிசை இருந்தது. அப்பாவும் அம்மாவும் இதே தோப்பில் கூலிக்கு மட்டை பொறுக்கியவர்கள். அவளுக்கு நலங்கு வைத்த மறுநாள் ஆற்றில் வெள்ளம் வந்தது. குடிசையோடு பந்தலும் போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் கரைமேல் நின்று பார்த்துவிட்டு, "தள்ளி வச்சுக்கலாம்" என்று சொல்லிப் போனார்கள். திரும்பி வரவேயில்லை. பூசிய மஞ்சள் கழுத்தில் காய்ந்து உதிரும்வரை, வெள்ளத்துக்கு ஒதுங்கிய பள்ளிக்கூடத்து வராந்தாவில் அவள் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பந்தலைப் போட வந்த ராசாங்கம்தான் இரண்டு மாதம் கழித்து அவளைக் கட்டிக்கொண்டான். "போட்ட பந்தல் போச்சு, கூலியும் போச்சு. உன்னையாவது கூட்டிட்டுப் போறேன்" என்று அவன் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சிரிப்பு வரும். அதன்பிறகு ரெட்டிபாளையத்தில் ஒரு சிமெண்ட் ஆலைக் கேன்டீனில் பதினெட்டு வருடம் அடுப்படி. பிறகு கல்யாணச் சமையல். பெற்றோர் கூலிக்கு நின்ற தோப்பில், இப்போது "வாங்க வாங்க" என்று வரவேற்று நிற்கிறாள்.

செங்கமலம் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"யாரும் எதையும் பிடுங்க வேணாம், தேதியையும் தள்ள வேணாம். பந்தக்கால் அங்கேயே நிக்கட்டும். மணமேட களத்துக்கு வரட்டும். அந்தக் கால்லேருந்து கரையேறி, எறங்கி, மேட வரைக்கும் ஒரே பந்தலாப் போட்டுடறேன். பந்தல் ஒண்ணுதான, கால் எங்க நின்னா என்னம்மா?"

பாப்பாத்தி கரையை அண்ணாந்து பார்த்தார். காலிலிருந்து கரை ஏறி இறங்கி மேடைவரை எண்பது தப்படியாவது இருக்கும்.

"சாயங்காலம் ஆறு மணிக்குள்ளயா?"

"ஆறு மணிக்குள்ள."

"ஒரே பந்தல்னா நடுவுல ஆகாயம் தெரியக் கூடாது. ஒரு கீத்து அகலம் தெரிஞ்சாலும் எங்க புள்ளையக் கூட்டிட்டுப் போயிருவேன். அப்புறம் அழுது பிரயோசனம் இல்ல."

"அழ நேரமில்லம்மா. ஏங்க!" என்று கணவனைக் கூப்பிட்டாள். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு," என்றான் ராசாங்கம், சவுக்குக் கழியைத் தோளில் ஏற்றியபடி. "கல்யாணமான நாள்லேருந்து கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்."

வேலை பற்றிக்கொண்டது. தோப்பில் கீற்றுக்குப் பஞ்சமில்லை. சமையல்காரப் பெண்கள் அரிவாள்மனையை ஒதுக்கிவிட்டுக் கீற்றுச் சுமந்தார்கள். பெரம்பலூரிலிருந்து வந்திறங்கிய சொந்தக்காரர்கள் பையை அறையில் வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்கள். குருமூர்த்தி கயிற்றுக் கட்டை அவிழ்த்துக் கொடுத்துக்கொண்டே நின்றார். படுகைப் பக்கம் ராசாங்கம் வழக்கத்தைவிட ஆழமாகக் குழி எடுத்தான். ஒவ்வொரு கழிக்கும் சாய்வாக முட்டுக்கொடுத்தான். இரண்டு மணிக்குள் பந்தல் கரையின் அடிவாரத்தைத் தொட்டது. களத்துப் பக்கமும் மேடைவரை முடிந்தது. பாக்கி இருந்தது கரை மட்டும்.

கடப்பாரையை ஓங்கிய ராசாங்கத்தின் கையை அங்கே வந்து நின்ற கிராம நிர்வாக அலுவலர் தடுத்தார்.

"கரைக்கு வெளிப்பக்கம் நீங்க தாராளமா நடத்துங்க. ஆனா கரையில ஒரு குழி எடுக்கக் கூடாது. தண்ணி வர்ற நேரத்துல கரைய நோண்டினா நம்ம கிராமமே போயிரும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் குழியில்லாமல் கழி எப்படி நிற்கும்? கரைமேல் இருபது தப்படி வானம் பளிச்சென்று திறந்து கிடந்தது. களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பாப்பாத்தி எழுந்து நின்று அந்த வானத்தையே பார்த்தார்.

"அவ்வளவுதான் கமலம்," என்றான் ராசாங்கம் மெதுவாக. "மணல் நெறப்பின டிரம் இருந்தா நிறுத்தலாம். பதினாறு டிரம்முக்கு இந்நேரம் எங்க போறது?"

செங்கமலம் விறுவிறுவென்று சமையற்கூடத்துக்குள் போனாள். உள்ளே பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவள் தலையில் சாம்பார் வைக்கும் அண்டா. பின்னால் நான்கு பெண்கள், ஆளுக்கொரு பாத்திரத்தோடு.

"அடியே, இதுல மணல் கொட்டுனா நாளைக்கு அறுநூறு பேருக்கு எதுல ஆக்குவ?" என்றான் ராசாங்கம்.

"மிச்சமிருக்கறதுல ஆக்குவேன். ஒரு தடவ ஆக்குறத மூணு தடவ ஆக்குவேன். நீங்க மணல் அள்ளுங்க."

சோற்று அண்டா, குழம்பு அண்டா, பாயச உருளி என்று பதினாறு பாத்திரங்கள் கரைச் சரிவில் வரிசையாக ஏறின. சாய்ந்த இடத்தில் அடியில் தென்னை மட்டையை வைத்து மட்டம் கட்டினான் ராசாங்கம். நடுவில் கழியை நிறுத்தி, மணலை இடித்து நிரப்பி, கழிக்குக் கழி குறுக்கே மூங்கிலைக் கட்டினார்கள். பதினெட்டு வருடம் கேன்டீனில் நின்று சேர்த்ததில் வாங்கிய பாத்திரங்கள் அவை. ஒரு சொட்டைகூட விழாமல் பார்த்துக்கொண்டவள், மணலைக் குத்திக் கெட்டிப்படுத்த உலக்கையைத் தானே எடுத்தாள். உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. சேலைத் தலைப்பைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு மறுபடி குத்தினாள்.

ஐந்தேமுக்காலுக்குக் கடைசிக் கீற்று ஏறியது.

பாப்பாத்தி களத்திலிருந்து நடந்தார். பந்தலுக்குள்ளேயே, தலையை நிமிர்த்தியபடி, சரிவில் மெதுவாக ஏறினார். செங்கமலம் நான்கு அடி பின்னால் போனாள். உச்சியில் ஓர் அண்டாவின் பக்கத்தில் நின்ற பாப்பாத்தி, அதன் கழுத்தில் வெட்டியிருந்த பெயரைக் குனிந்து படித்தார். செங்கமலம் ராசாங்கம். பிறகு கீழே இறங்கிப் பந்தக்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திரும்பி வந்தபோது செங்கமலத்தின் கட்டுப்போட்ட கை அவர் கண்ணில் பட்டது.

"மருதாணி எத்தன மணிக்கு ஆரம்பிக்குது?" என்று மட்டும் கேட்டார்.

கவியா ஓடிவந்து செங்கமலத்தைக் கட்டிக்கொண்டு, "அக்கா!" என்று விம்மினாள்.

"அழுவாத, மூஞ்சி வீங்கிப் போயிடும். போட்டோக்காரரு என்னைத்தான் திட்டுவாரு."

சனிக்கிழமை விடியும்போது தண்ணீர் வந்தது. செம்மண் நிறத்தில் மணலை விழுங்கிக்கொண்டு படுகைக்குள் பரவி, பந்தக்காலைச் சுற்றி முழங்கால் அளவு நின்றது. கால் அசையவில்லை. கரைக்கு இந்தப் பக்கம் அடுப்பும் அணையவில்லை. ஒரே சாம்பாரை மூன்று முறை ஆக்கினார்கள். வரவேற்புக்கு வந்தவர்களில் ஒருவருக்கும் பந்தியில் காத்திருப்பு தெரியவில்லை.

ஞாயிறு காலை ஏழேகால் மணிக்கு, எண்பது தப்படி நீண்ட பந்தலின் ஒரு முனையில் ஆறு ஓட, மறுமுனையில் கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை மணிவண்ணன் தாலி கட்டினான். குருமூர்த்தி குழந்தைபோல் அழுதார். செங்கமலம் சமையற்கூட வாசலில் நின்று கைகூப்பினாள். அட்சதை போட அவளிடம் அரிசி இல்லை. கையில் கரண்டி இருந்தது.

பதினொரு மணிக்குக் கடைசிப் பந்தி. பாப்பாத்தி இன்னும் சாப்பிடவில்லை என்று ராசாங்கம் வந்து சொன்னான். அவள் பதறிப்போய் ஓடினாள்.

வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார் பாப்பாத்தி. எதிரே இரண்டு இலைகள். இரண்டிலும் தண்ணீர் தெளித்திருந்தது.

"என்னம்மா, இன்னும் பரிமாறலியா?"

"நான்தான் வேணாம்னேன். உட்காரு."

"ஐயோ, நான் அப்புறம் உள்ள போயி..."

"அப்புறம் நின்னுக்கிட்டு அள்ளிப் போட்டுக்குவ. தெரியும். மூணு நாளாப் பாக்குறேன். கல்யாணத்த நடத்துன வூட்டுக்காரி சாப்பிடாம நான் கை நனைச்சா சோறு எறங்குமா? உட்காருடி."

இத்தனை வருடக் கல்யாணச் சமையலில் ஒருநாளும் பந்தியில் உட்காராத செங்கமலம், கண்ணீர் பொங்க, கட்டுப்போட்ட கையை மடியில் மறைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கைய எதுக்கு மறைக்கிற?" என்றார் பாப்பாத்தி. சாம்பார் வாளியோடு நின்ற ராசாங்கத்தை நிமிர்ந்து பார்த்தார். "நீ என்னப்பா வேடிக்க பாக்குற? மொதல்ல இவ இலைக்கு ஊத்து."