மூன்றாம் வகுப்பின் 'சரிதான்'

ஷிராகுரா நாமியே டீச்சரின் மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை விடை சொன்னால், மற்றவர்கள் ஒரே குரலில் "சரிதான்!" என்பார்கள். ஜப்பானில் எங்கள் தோயாமாப் பக்கத்துப் பள்ளிகளில் இது பழக்கம்தான். ஆனால் அவர் வகுப்பில் கூரை பிய்த்துக்கொண்டு போகும். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. குறை ஒன்றே ஒன்றுதான்: வசந்தத்தில் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்த கொயுகி வகுப்பில் இதுவரை வாய் திறக்கவில்லை.

"அவ ஒரு வார்த்தை பேசினா போதும், முகாய் சார்" என்று என்னிடம் புலம்பிக்கொண்டே இருப்பார்.

இலையுதிர் காலத்தில் ஆய்வுப் பாடம் வந்தது. ஒருவர் பாடம் நடத்துவார். மற்ற ஆசிரியர்கள் ஆளுக்கொரு பிள்ளையின் பக்கத்தில் நின்று, அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். உதவக் கூடாது, பேசவே கூடாது. எனக்கு இது அறவே பிடிக்காது, கால் கடுக்கும். வெளியூர் ஆசிரியர்கள் வருவதற்கு முன் எங்களுக்குள் ஓர் ஒத்திகை வைத்தோம். கொயுகி என் தலையில் விழுந்தாள்.

ஒத்திகை முடிந்து பேச உட்கார்ந்தோம்.

"அந்தப் பொண்ணு 'சரிதான்'னு வாயை மட்டும் அசைக்குது, சத்தம் வரல. அசைச்சுக்கிட்டே தலையை இல்லன்னு ஆட்டுது" என்றேன். "இன்னொண்ணு, கோவிச்சுக்காதீங்க. தெப்பெய் தப்பா சொன்னான், எல்லாரும் சரிதான்னாங்க. நீங்க திருத்துனீங்க, அதுக்கும் சரிதான்னாங்க. வானத்துல மீன் பறக்குதுன்னாலும் சரிதான்னுவாங்க போல."

எல்லோரும் சிரித்தார்கள். நாமியே டீச்சர் முகம் தொங்கிப்போயிற்று. பிறகு நிமிர்ந்து சொன்னார்: "அப்ப அந்த 'சரிதான்' சொல்றதையே நிறுத்திப் பாத்துடலாம். என்ன ஆகுதுன்னு நீங்களே மறுபடியும் பக்கத்துல நின்னு பாருங்க."

"வந்தவங்க முன்னாடியா? வகுப்பு செத்துப்போன மாதிரி இருக்குமே டீச்சர்" என்றார் தலைமையாசிரியர்.

"இருக்கட்டும் சார்."

அந்த நாளும் வந்தது. டீச்சர் இரண்டு மீட்டர் காகித நாடாவை நான்கு சம துண்டாக வெட்டிக் கரும்பலகையில் ஒட்டினார். ஒரு துண்டு எவ்வளவு?

"கால் மீட்டர்" என்றான் தெப்பெய். முன்பே சொல்லி வைத்திருந்ததால் ஒருவரும் "சரிதான்" என்று கத்தவில்லை.

"வேற மாதிரி நினைச்சவங்க இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு டீச்சர் காத்து நின்றார். வந்தவர்கள் செருப்பைத் தரையில் தேய்த்தார்கள். தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் சுண்ணக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். நான் கொயுகி பக்கத்தில் கால் மாற்றி நின்றேன்.

"புரியல."

கொயுகியின் குரல்.

"எது புரியலம்மா?"

"கால் மீட்டர்னா இவ்ளோ நீளம் வராதே." எழுந்து போய் மீட்டர் கோலைத் துண்டோடு சேர்த்துப் பிடித்தாள். துண்டு கோலில் பாதிக்கு வந்தது.

"எனக்கும் புரியல" என்றது ஒரு மூலை. "எனக்கும்தான்" என்றது இன்னொன்று. "எனக்கே புரியலப்பா" என்றான் தெப்பெய்.

நாமியே டீச்சர் கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் சுண்ணம். எனக்குத் தாங்கவில்லை. ஊர் பேர் தெரியாத அத்தனை பேருக்கும் நடுவில் "சரிதான்!" என்று கத்திவிட்டேன்.

கொயுகி திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீங்க பேசக் கூடாது, சார்."