பக்கத்து வீட்டுக்காரர் இறந்த வாரம்

மைசூரில் எங்கள் ரயில்வே குடியிருப்புக்கு டெலிவிஷன் வந்த இரண்டாவது வருஷம் என் கணவர் ஒரு கன்னடத் தொடரில் நடித்தார். பகலில் ரயில்வே அலுவலகத்தில் எழுத்தர், ஞாயிற்றுக்கிழமைகளில் அமெச்சூர் நாடகம். யாதவகிரியில் ஒரு பழைய பங்களாவில் படப்பிடிப்பு நடந்தபோது உள்ளூர் ஆட்களைத் தேடினார்கள், இவர் அகப்பட்டார். கதாநாயகனின் பக்கத்து வீட்டுக்காரர் வேடம். பாத்திரத்துக்குப் பெயர் கிடையாது. ஐந்து வாரங்களில் மூன்று முறை வந்தார். செய்தித்தாள் இரவல் கேட்டார். மழை வருமா என்று கேட்டார். ஒரு முறை கேட்டைத் திறந்து உள்ளே வந்து, வேளை சரியில்லை என்று பார்த்துத் திரும்பிப் போனார். என் டைரியில் அவ்வளவுதான் இருக்கிறது.

வீட்டிலோ இவர் அந்த மனிதருக்கு ஒரு வாழ்க்கையே சேர்த்துவிட்டார். மனைவி போய் ஆறு வருஷம், ஒரே மகள் தார்வாடில், இடது முழங்காலில் வலி. நான் காபி ஆற்றும் நேரத்தில் தினமும் கொஞ்சம் சொல்வார். மாவு அரைக்கும்போது அந்த மகளைப் பற்றி எனக்கே கவலை வர ஆரம்பித்தது. கடிதம் போடுகிறாளோ இல்லையோ.

ஆறாவது வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் இறந்துவிடுவார் என்று டைரக்டர் சொல்லியனுப்பினார். இவருக்குத் தலைகால் புரியவில்லை.

“இதுவரைக்கும் கேட்டைத் திறந்தேன், மூடினேன். இப்பதான்மா நடிக்கவே போறேன்.”

எட்டு நாள் எங்கள் முன்னறையில் இறந்து பழகினார். செய்தித்தாள் எந்த விரலிலிருந்து முதலில் நழுவ வேண்டும் என்பதுவரை முடிவு செய்திருந்தார். ஆனால் படப்பிடிப்புக்கு அழைப்பு வரவில்லை. ஒரு போட்டோ கேட்டு ஆள் மட்டும் வந்தான். விளம்பரத்துக்கு இருக்கும் என்று, நாங்கள் இருவரும் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படத்தை நானே கொடுத்தேன். சாவு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போயிருக்கும் என்று இருந்துவிட்டோம்.

அந்த வாரம் தொடர் வரும் நாள் சாயங்காலம் மழை பெய்தது. வழக்கம்போல் அக்கம்பக்கத்தார் பதினோரு பேர் எங்கள் வீட்டில். விளக்கை அணைத்திருந்தோம். நீல வெளிச்சத்தில் எல்லோரும் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. திரையில் ஒரு சுவர் வந்தது. சுவரில் இவர் படம், பொட்டும் சந்தன மாலையுமாக. என்னை வெட்டி எடுத்திருந்தார்கள். ஆனாலும் மாலைக்கு அந்தப்பக்கம் என் தோள் ஒரு விரற்கடை தெரிந்தது. கதாநாயகனின் அம்மா, “பாவம், நல்ல மனுஷர்” என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு மகனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அடுத்த காட்சி கல்லூரி.

அடுத்த வீட்டு ரயில்வே கார்டின் மனைவி, கன்னடக்காரி, துள்ளி எழுந்தாள்.

“அய்யய்யோ, ஏன்ரீ இது! உயிரோட இருக்கறவருக்கா ஹார போடறது!”

உள்ளே ஓடிக் குங்குமச் சிமிழை எடுத்து வந்து என் நெற்றியில் அப்பினாள். மூக்கின் மேல் உதிர்ந்தது.

“என்ன சார், உங்க சாவுக்கு உங்களையே கூப்பிடலையே!” என்றார் இவருடைய அலுவலக நண்பர். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

“எட்டு நாள் ரிகர்சல் வீணாப் போகலாமா? இங்கேயே ஒரு தடவை செத்துக் காட்டிடுங்க சார்” என்றார் அதே நண்பர்.

“பேடாரீ, வேண்டாம். விளக்கு வெச்ச நேரம்” என்றாள் கார்டின் மனைவி.

இவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னால் பேசாமல் இருந்துவிடுவார். அப்புறம் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசமாட்டார். அந்த மனிதரும் சுவர்ப் படத்தின் மூன்று நொடியோடு முடிந்துபோவார்.

“டி.வி.யை நிறுத்துங்க” என்றேன். “பண்ணுங்க.”

லைட்டைப் போட்டோம். இவர் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தார். முழங்காலைத் தடவிக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பி, மழையை வெகுநேரம் கேட்பதுபோல் இருந்தார். பிறகு தாள் ஒவ்வொரு பக்கமாக வழுக்கியது. மகளின் பெயரில் பாதி வந்தது, மீதி வரவில்லை. நாற்காலியிலிருந்து மெல்லத் தரையில் சரிந்தார். யாரும் சிரிக்கவில்லை. கார்டின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் வீட்டின் தரை எங்கோ தூரத்தில் இருப்பதுபோலவும், அங்கே போய்ச்சேர நான் நெடுநேரம் நடக்க வேண்டும் என்பதுபோலவும் இருந்தது.

நடந்தேன். குனிந்து அவர் கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது.

கண்ணைத் திறக்காமலே, “எப்படிம்மா இருந்தது?” என்றார்.

“எழுந்திருங்க முதல்ல” என்றேன்.