ஒருசந்தியில் தின்ற லட்டு

ஒரு லட்டால் என் கல்யாணமே நின்றுபோயிருக்கும். இன்று நினைத்தால் வயிறு வலிக்கச் சிரிக்கிறேன். அன்று எனக்கு உயிரே போய்விட்டது!

ராயபுரத்தில் எங்கள் மாதா கோயிலில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று அறிவிக்கிற ஓலையை வாசிப்பதற்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் சாமியார் எதிரே உட்கார்ந்து ஜெப மந்திரங்களை ஒப்பிக்க வேண்டும். ஈஸ்டர் முடிந்ததும் எங்கள் கல்யாணம் என்று பேச்சு. என் நைனாவுக்கு இந்தக் காதல் கல்யாணத்தில் துளியும் இஷ்டமில்லை. "மந்திரம் தெரியாதவனுக்கு என் பொண்ணு இல்ல. ஒரு வரி வுட்டாலும் கல்யாணம் கேன்சல்" என்று சொல்லிவிட்டு, ஒப்பிக்கிற அன்று எனக்கு முன்னாலேயே போய் சாமியார் அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

மாப்பிள்ளை ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். அத்தனை உயரத்தில் உட்கார்ந்து கன்டெய்னரை அனாயாசமாகத் தூக்கி வைப்பார். சாமியார் முகத்தைப் பார்த்தால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். செய்த பாவத்துக்கு வருந்திச் சொல்கிற மனஸ்தாப மந்திரத்தை எத்தனை முறை சொல்லிக்கொடுத்தும் பாதியில் நின்றுவிடுவார்.

அன்று தவக்கால வெள்ளி, ஹோலியும் கூட. ஒருவேளை மட்டும் சாப்பிடுகிற ஒருசந்தி விரதம் என்று காலையிலிருந்து பட்டினி கிடந்த மனிதர், கோயில் வாசலில் என்னைப் பார்த்ததும் காரணமில்லாமல் இளித்தார்.

"யோவ், இன்னாத்த துன்ன?"

"சௌகார்பேட்டை தோஸ்து லட்டு குட்த்தான் மே. பயம் தெளியும், பாதி போதும்னான். துன்னேன், ஒண்ணியும் ஆவல. மீதியையும் துன்னுட்டேன். கறியில்ல, மீனில்ல, ஒருசந்திக்குத் தோஷமில்லதானே?"

பாங் லட்டு! ஹோலிக்கென்று கஞ்சா இலையை அரைத்துப் போட்டுப் பிடிப்பது. அடப்பாவி மனுஷா!

நான் மனநலப் பிரிவில் நர்ஸ். பதற்றத்தைத் தணிக்க நம் மூளை தானாகவே சில பொருள்களைச் சுரந்துகொள்கிறது. கஞ்சாவில் போதை தரும் பொருளும் அவை தட்டுகிற கதவையேதான் தட்டும். கொஞ்சமாகப் போனால் பயத்தைத் தூங்கவைத்தாலும் வைக்கும். கூடிப்போனால் உலுக்கி எழுப்பிவிடும். அந்தச் செடியிலேயே போதை தராத இன்னொரு பொருளும் உண்டு, அது பதற்றத்தைக் குறைக்குமா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். லட்டு பிடிக்கிறவர் இதையெல்லாம் அளந்தா போடுகிறார்? அதுவும் வயிற்றுவழியாகப் போனால் ஏறுவதற்கு நேரமெடுக்கும். பாதி லட்டு வேலையை ஆரம்பிப்பதற்குள் இவர் முழுசையும் உள்ளே தள்ளியிருந்தார்.

ஓடிவிடலாம் என்றால் அறை வாசல் பெஞ்சிலிருந்து நைனா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து சாமியார் கூப்பிட்டுவிட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் இவருடைய சிரிப்பு நின்றது. முகம் வெளுத்தது. "மே, ஃபேன் என்னியே பாத்துகினு கீது. என் நெஞ்சு அடிக்கிற சத்தம் நைனாவுக்குக் கேக்குது. நான் சாவப் போறேன்" என்று என் காதில் முணுமுணுத்தார். மேசைக்குக் கீழே அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி குதித்தது. "ஒண்ணும் ஆவாது. இது லட்டோட வேல, இறங்கிடும். மூச்ச மெதுவா வுடு" என்றேன்.

"மனஸ்தாப மந்திரம் சொல்லுப்பா" என்றார் சாமியார்.

சாகிற நேரத்திலும் சொல்லவேண்டிய மந்திரம் அது. சாகத்தான் போகிறோம் என்று நம்பிவிட்ட மனிதர் ஒரு வரி விடாமல், கண்ணீர் ஒழுக, மார்பில் அறைந்துகொண்டு சொன்னார் பாருங்கள்! முடித்ததும் ஓவென்று அழுது, "ஃபாதர், ஒருசந்தியில லட்டு துன்னுட்டேன் ஃபாதர்!" என்று கத்தினார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஒரு லட்டுக்கா தம்பி இப்படி அழற?" சாமியாரின் குரல் தழுதழுத்தது. "இந்த மந்திரத்த இவ்ளோ மனஸ்தாபத்தோட சொல்லி நான் கேட்டதே இல்லப்பா. நீ சொல்லும்மா இப்ப."

நானா? தொண்டையில் அடக்கிவைத்திருந்த சிரிப்பு பீறிட்டது. முதல் வார்த்தையிலேயே வெடித்துவிட்டேன். அடக்க அடக்கக் கூடியது. சின்ன வயதிலிருந்து தெரிந்த மந்திரம், ஒரு வரிகூட வாயில் வரவில்லை.

"மாப்பிள்ளை பாஸ். பொண்ணு படிச்சிட்டு நாளைக்கு வரட்டும்" என்றார் சாமியார் கடுப்பாக.

வெளியே வந்தால், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நைனா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையைத் தோளோடு அணைத்து ஆட்டோவில் ஏற்றினார். வீட்டுக்குப் போனதும் என்னை எதிரே உட்காரவைத்து ஜெபப் புத்தகத்தை மடியில் போட்டார்.

"இன்னா சிரிப்பு உனுக்கு? ஒழுங்கா படி. நாளைக்கும் இளிச்சிகினு நின்னு, அந்தத் தங்கமான புள்ள உன்ன வேணாம்னுட்டா நான் இன்னா பண்ணுவேன்?"