எம்மா ஓட்டோவ்னாவின் கொடுமைகள்

எங்கள் பென்ஸா மாகாணத்தில் நாற்பதைத் தாண்டிய சீமாட்டிகளுக்கு வரும் நோய்கள் இரண்டு. ஒன்று மூட்டுவலி, மற்றது நினைவுக் குறிப்பு எழுதுவது. மூட்டுவலிக்கு வெந்நீர் ஒத்தடம் இருக்கிறது. மற்றதற்கு டாக்டரும் கையை விரித்துவிட்டார்.

நோய் 'என் குழந்தைப் பருவம்' என்ற அத்தியாயத்தில்தான் தொடங்கும். அந்தப் பருவம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்பதில் எங்கள் பக்கத்தில் கருத்து வேறுபாடு கிடையாது. தாயார் அழகாக இருக்க வேண்டும், மகளைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. மாடியறை குளிர வேண்டும். பாடம் சொல்லித்தர ஓர் ஆசிரியை, கூடுமானவரை வெளிதேசத்துக்காரி, ராட்சசியாக இருக்க வேண்டும். அழாமல் வளர்ந்தவள் பேனாவைத் தொடுவது மரியாதையல்ல.

கிளாஃபிரா ஸெர்கேயெவ்னாவுக்கு இங்கேதான் இடித்தது. அந்த அம்மாள் அழாமல் வளர்ந்தவள். கன்னம் உப்பி, காலை முதல் மாலை வரை எதையாவது மென்றபடி வளர்ந்தவள். தாயாரோ கூப்பிட்ட குரலுக்கு ஜாம் கரண்டியோடு ஓடி வருகிற ரகம். இதை வெளியே சொன்னால் மானம் போகும்.

மிச்சமிருந்தது ஆசிரியை ஒருத்திதான்.

எம்மா ஓட்டோவ்னா இருபத்திரண்டாவது வயதில் ரேவெல் பட்டணத்திலிருந்து வந்த ஜெர்மன்காரி. 'மிகவும் கண்டிப்பானவர்' என்று சிபாரிசுக் கடிதத்தில் எழுதியிருந்தது. இருந்த கண்டிப்பெல்லாம் அந்தக் கடிதத்திலேயே தீர்ந்துவிட்டது போலும். பதினோரு வருடத்தில் அவள் கொடுத்த பெரிய தண்டனை, கிளாஷா என்று செல்லமாக அழைக்கப்பட்ட சிறுமி கிளாஃபிராவின் ஜாம் கரண்டியைப் பிடுங்கியது. அதையும் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கிளாஷா கல்யாணமாகி அந்த வீட்டின் எஜமானியான பிறகு, ஆப்பிள் கிடங்கை ஒட்டிய அறை எம்மாவுக்கு ஒதுக்கப்பட்டது. சாப்பாட்டுக்கும் விறகுக்கும் குறைவில்லை. எஜமானிக்குப் பிள்ளைகள் இல்லாததால் வேலை மட்டும் இல்லை. காலை ஒன்பது மணிக்கு எம்மா சிலேட்டைத் துடைத்து, எதிரே காலியாக இருக்கும் நாற்காலியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, சிலேட்டை உள்ளே வைப்பாள். இப்படிப் பத்தொன்பது வருடம்.

அந்த இலையுதிர்காலத்தில், பக்கத்துப் பண்ணையின் கர்னலின் விதவை லிதியா அந்திரேயெவ்னா தன் இரண்டு பெண்களுக்கு ஆசிரியை தேடுவதாகச் செய்தி வந்தது. எம்மா கழுத்துப் பட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்துகொண்டு எஜமானியிடம் போனாள்.

"கிளாஷா கண்ணு, எனக்காக அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். இன்னொரு தடவை எதிர்ல புள்ளைங்க உக்காந்து பாத்துட்டா போதும்."

"சொல்றேன், எம்மா ஓட்டோவ்னா. என் பெயர்நாள் விருந்துக்கு அவங்க வர்றாங்க, அன்னிக்கே சொல்றேன்." கிளாஃபிரா பேனாவை மையில் தோய்த்தாள். "ஒரு சந்தேகம். என்னைக் காய்ஞ்ச பட்டாணி மேல முட்டி போட வச்சீங்கல்ல?"

"இல்லையே கண்ணு. பட்டாணி எண்ணுறதுக்கு வச்சேன். நீ தின்னுட்டே."

"இருட்டறையில அடைச்சீங்க."

"நீயாதான் போய் உக்காந்துக்கிட்டே. ஜாம் பானை அங்கதானே இருந்துச்சு."

"உங்களுக்கு வயசாயிடுச்சு, ஞாபகம் போச்சு," என்று வருத்தப்பட்டுக்கொண்டே எஜமானி எழுதினாள்.

பெயர்நாளன்று சமோவார் கொதித்தது. முட்டைக்கோஸ் அடைத்த பிரோக் ரொட்டி வந்தது, அதன் பின்னாலேயே அத்தியாயமும் வந்தது. 'எங்கள் மாடியில் ஒரு ஜெர்மானியப் பேய் குடியிருந்தது' என்று கிளாஃபிரா படிக்கத் தொடங்கினாள். இருபது விருந்தினர்களும் மூலையில் உட்கார்ந்திருந்த பேயைத் திரும்பிப் பார்த்தார்கள். பேய் பிரோக்கை வாயில் வைத்திருந்ததால் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தவித்தது.

பட்டாணி மூன்று பக்கம் ஓடியது. இருட்டறை ஐந்து பக்கம். வேலை போய்விட்டது என்று எம்மாவுக்குப் புரிந்தது. இப்படிப்பட்டவளிடம் எந்தத் தாய் பிள்ளையை ஒப்படைப்பாள்? கிளாஃபிரா படித்து முடித்ததும் லிதியா அந்திரேயெவ்னா எழுந்து நேராக அவளிடம் வந்தாள்.

"இதெல்லாம் நெசமா?"

உண்மையைச் சொன்னால் வேலை கிடைக்கலாம். ஆனால் அந்தப் பக்கம், கன்னம் சிவந்து, பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு கிளாஷா நின்றிருந்தாள். ஜாம் பானையோடு பிடிபட்ட அன்று இருந்த அதே முகம்.

"எழுதினபடிதான் அம்மா," என்றாள் எம்மா.

"அப்ப நாளைக்கே பெட்டியோட வந்துடுங்க," என்றாள் விதவை. "என் பொண்ணுங்க ரெண்டும் காலையில எந்திரிச்சதுலேர்ந்து சிரிச்சுக்கிட்டே கெடக்குதுங்க. இப்படியே போனா நாப்பது வயசுல எழுத ஒரு வரி தேறுமா? தினம் அரை மணி நேரம் பட்டாணி. அதுல மட்டும் தயவு தாட்சண்யம் கூடாது."

மறுநாள் முதல் விதவையின் பெண்கள் ஸீனாவும் தோன்யாவும் அரை மணி நேரம் முட்டி போட்டார்கள். இதில் பொய்யே இல்லை. தரையில் வைத்த பட்டாணிக் கிண்ணத்திலிருந்து சாப்பிட வேறு வழியில்லை. சமையல்காரி உஸ்தீன்யா அதை முதல் நாளே ஊறப்போட்டு, குழைய வேகவைத்து, வெண்ணெய் விட்டு அனுப்புவாள்.

"பேயம்மா, இன்னிக்குத் தண்டனைக்கு உப்பு போதுமா?" என்று கேட்பாள்.

"நேத்து குறைச்சல். தோன்யா ரெண்டாந்தரம் கேக்கல."

கதவுக்கு வெளியே தாயார் காது வைக்கும்போது தோன்யா விசும்புவாள். அந்தப் பெண்ணுக்கு நடிப்பு நன்றாக வரும். தாயார் மனநிறைவோடு நகர்ந்துவிடுவாள். மற்ற நேரமெல்லாம் இரண்டு பேரும் சாய்வு மேசையில் உட்கார்ந்து எழுதுவார்கள். எம்மா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். இப்படி ஒன்பது வருடம்.

நோய் இப்போதெல்லாம் இளம்வயதிலேயே பீடிக்கிறது. பெரியவள் ஸீனா இருபது வயதிலேயே முதல் அத்தியாயத்தை எழுதி ஒரு பத்திரிகைக்குக் கொடுத்தாள். கைப்பிரதி ஒன்றை ஆசிரியைக்கும் அனுப்பினாள். எம்மா சமையலறை ஜன்னலருகே உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"என்ன எழுதியிருக்கா?" என்றாள் உஸ்தீன்யா.

"மழை வந்தா முட்டியில இன்னும் பட்டாணித் தழும்பு வலிக்குதாம்."

"அடிப்பாவி. வெண்ணெய் விட்டது நான். வெண்ணெயப் பத்தி ஒரு வரி உண்டா?"

"இல்ல."

"உங்களுக்குக் கோவம் வரலியா?"

எம்மா அளவுகோலை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்துப் பார்த்தாள். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், கடைசிப் பக்கம் வரை.

"பாரு. ஒரு வரி மேல ஏறல, ஒரு வரி கீழ இறங்கல," என்றாள். "என் புள்ள எழுதினது."

அத்தியாயம் அச்சில் வந்த வாரமே மூன்று பண்ணைகளிலிருந்து வண்டி வந்தது. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கடிதம்: எங்கள் பெண்கள் அளவுக்கு மீறிச் சந்தோஷமாக இருக்கிறார்கள், உடனே வரவும். எம்மா ஓட்டோவ்னா கஞ்சி போட்ட கழுத்துப் பட்டையோடு வாசலில் நின்று, மூன்று வண்டிக்காரர்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"உங்க வீட்டு சமையல்காரிக்குப் பட்டாணி பதமா வேகவைக்க வருமா?"